நான் சொல்றப்ப விடுங்க

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நான் வெளியே வந்தபோது திரை முழுக்க 'ம' என்ற ஒரே எழுத்து நிரம்பியிருந்தது. மேலிருந்து கீழ் வரை, வரிசை வரிசையாக, ம ம ம என்று. என் மனைவி சக்கர நாற்காலியில் இடது பக்கமாகச் சரிந்து, கழுத்து கைப்பிடியில் முட்டி, வாயோரம் எச்சில் வழியக் கிடந்தாள். இடது கட்டைவிரல் மட்டும் நாற்காலியின் முன்பலகையில் இருந்த கையடக்கக் கணினியின் விசை ஒன்றை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். 'மாஸ்டர்' என்று எழுத ஆரம்பித்து, முதல் எழுத்தை அமுக்கிய விரலை எடுக்க முடியாமல் அந்த எழுத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளே சோப்பு போட்டுக்கொண்டு ஏதோ பாட்டை வேறு முனகிக்கொண்டிருந்தேன்.

தூக்கி நிமிர்த்தி, இடுப்புக்குத் தலையணையை முட்டுக் கொடுத்து, வாயைத் துடைத்து, விரலை விசையிலிருந்து பிரித்தெடுத்தேன். வலுவே இல்லாத விரல்தான். ஆனாலும் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் தனியா விட்டுட்டுப் போக முடியுதா?" என்று எரிந்து விழுந்தேன். பயந்துபோனால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவளுக்கும் அது தெரியும். பதில் எழுதத் தொடங்கினாள். இப்போதெல்லாம் அவள் அரை வரி எழுதுவதற்குள் நான் போய் அடுப்பில் பாலை வைத்து, அது பொங்குவதற்குள் அணைத்துவிட்டும் வந்துவிடலாம். அன்று நகராமல் பக்கத்திலேயே நின்றேன்.

'அமுக்க முடியுது. எடுக்க முடியல' என்று எழுதினாள். நடுநடுவே இரண்டு மூன்றாக விழுந்த எழுத்துகளை நான் மனதுக்குள் கழித்துக்கொண்டு படித்தேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எங்கள் பயிற்சி வண்டி பழையது. ஓட்டுகிறவர் பக்கம் இருக்கிற மாதிரியே என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இரண்டையும் கம்பி போட்டு இணைத்திருப்பதால் அவர் அமுக்கினால் என் பெடலும் இறங்கும், அவர் விட்டால் என்னுடையதும் ஏறும். என் உள்ளங்காலை லேசாக மேலே வைத்திருந்தாலே போதும், பக்கத்தில் இருக்கிற ஆள் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிடும். காலையிலிருந்து மாலை வரை "மெதுவா விடு, மெதுவா விடு" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் என் பிழைப்பு. அமுக்குவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயந்தவன் எவனும் தானாகவே அமுக்குவான். விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

அவளுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான் என்று நான் அடிக்கடி வம்பிழுப்பேன். ஒரு பெரிய கம்பெனியின் உதவி மையத்தில், காதில் மாட்டிய போனோடு உட்கார்ந்துகொண்டு, கணினி மக்கர் பண்ணுகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை. எதிர்முனையில் இருப்பவர் கத்துவார், அழுவார், சில பேர் கெட்ட வார்த்தையே சொல்வார்கள். இவள் குரல் ஒரு இழை கூட ஏறாது. "பரவால்ல சார். அந்த பட்டனை அப்படியே அமுக்கிப் பிடிங்க. நான் சொல்றப்ப விடுங்க." அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கத்தில் கூடச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் நான் ரேடியேட்டர் மூடியில் கையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, வெட்டின் மேல் துணியை மடித்து வைத்து, அதே குரலில், அதே அச்சில், "அமுக்கிப் பிடிங்க, நான் சொல்றப்ப விடுங்க" என்றாள். "சரிங்க மேடம்" என்றேன். ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து வீட்டில் அவள் மேடம், நான் மாஸ்டர்.

அந்தக் கணினியும் அந்தக் காலத்தில் அவள் சம்பளத்தில் வாங்கியதுதான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. மூடியைத் திறந்தால் மேலே திரை, கீழே மணிமணியாக விசைகள். நான் அதற்கு இளையவன் என்று பெயர் வைத்தேன். தாலி கட்டியவன் நான் இருக்க, செல்லம் எல்லாம் இளையவனுக்குத்தான். தயாரித்தவர்கள் சில வருடங்களிலேயே அதைக் கைகழுவிவிட்டார்கள். இனி இதற்குப் புதிதாக எதுவும் வராது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவளை அதுதான் உசுப்பேற்றியது. "கம்பெனிக்காரன் செத்துப் போச்சுன்னு சொன்னா செத்துப் போயிடுமா?" என்று, எந்தெந்த மூலையிலோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்துகொண்டு, அதற்குள் வேறு வேறு இயங்குதளங்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். கம்பெனி கொடுத்தது ஒன்று, அடியில் அப்படியே கிடக்கும். அவளே உள்ளே ஏற்றியது இரண்டாவது. எதுவும் செய்யாமல் ஆன் பண்ணினால் அதுதான் எழுந்திருக்கும். இது தவிர, நகம் அளவு மெமரி கார்டு ஒன்றில் அவ்வப்போது எதையாவது வைத்துச் சோதித்துக்கொண்டிருப்பாள். பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிக்கொண்டே ஆன் பண்ணினால் கார்டில் இருப்பது எழுந்திருக்கும்.

"உடம்பு ஒண்ணுதான் மாஸ்டர். எந்த உசுரோட எழுந்திரிக்கணும்னு முழிக்கிற நேரத்துல நாம சொல்லிக்கலாம்" என்று ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே விளக்கினாள். நான் கொட்டாவி விட்டேன். அவள் கத்தியைக் காட்டினாள்.

பிறகு நோய் வந்தது. நரம்பு சம்பந்தப்பட்டது. பெயரைச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது, புரிந்தவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். குரலை வைத்துப் பிழைத்தவளிடம் அது குரலில்தான் முதலில் கை வைத்தது. அப்புறம் கால். அப்புறம் வலது கை. அப்புறம் இடது கையில் ஒவ்வொரு விரலாக. அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதையேதான் டாக்டரும் இன்னும் மரியாதையான வார்த்தைகளில் சொன்னார். அவளைக் குளிப்பாட்டும்போது சில சமயம் எனக்குப் பைத்தியக்கார யோசனை வரும். இந்த உடம்பில் எங்காவது பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்திருக்கக் கூடாதா என்று முதுகையும் விலாவையும் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இளையவன் அவள் வாயானது அப்போதுதான். அவள் விசையைத் தட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். விரல்கள் போகப் போக அவள் பேச்சும் சுருங்கியது. முதலில் கதைகள் நின்றன. அப்புறம் கேலி குறைந்தது. ஒரு நாள் கவனித்தேன், 'வாங்க' என்பது 'வா' ஆகிவிட்டது. 'குடுங்க' 'குடு' ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருமுறை கூட என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. எழுத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் அந்த 'வா' எனக்குப் பிடித்திருந்தது. என்னமோ இப்போதுதான் புதிதாகக் காதலிக்க ஆரம்பித்த பெண் கூப்பிடுகிற மாதிரி எழுந்து போவேன்.

இளையவனுக்குச் சார்ஜ் ஏறுகிற நேரத்துக்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. என் உள்ளங்கையை அவள் இடது கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அமுக்கினால் ஆமாம். அமுக்காவிட்டால் இல்லை. சிரிப்பதற்குக் கூட ஒரு முறை வைத்திருந்தோம், படபடவென்று தட்டுவாள். தட்டல் நின்று ரொம்ப நாளாகிவிட்டது.

அவள் தங்கை இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? அட்டையில் எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அக்கா எங்கே நிறுத்தச் சொல்கிறாள் என்று பார்ப்பாள். நல்ல மனசு, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் பொறுமை கிடையாது. அக்கா 'த' வரைக்கும் வந்ததுமே "தண்ணியா?" என்று ஓடிப்போய்த் தண்ணீரைக் கொண்டுவந்து புகட்டிவிடுவாள். அவள் எழுத வந்தது 'தனியா விடு' என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கண்ணால் எழுதுகிற திரை ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள். அவளுடைய இமைகள் பாதிக் கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கின. கருவி அவளைத் தூங்குகிறவள் என்று நினைத்துக்கொண்டது.

"விட்டுத் தள்ளுங்க மாமா. அந்தப் பழைய சாமானைக் கட்டிக்கிட்டு அழாதீங்க. புதுசா எதாவது வாங்கலாம்" என்பாள் தங்கை.

வாங்கலாம்தான். ஆனால் அவளுக்கான வழியை அவளே போட்டு வைத்திருந்தாள். கையில் மூன்று விரல் மிச்சம் இருந்த காலத்திலேயே, விரல் விரலாகப் போகும் என்று கணக்குப் போட்டு, மெமரி கார்டுக்குள் மூன்றாவது ஒரு சிஸ்டத்தைக் கட்டியிருந்தாள். அதற்கு ஒரே ஒரு விசை போதும். எழுத்துகள் தாமாகவே ஒவ்வொன்றாக நகர்ந்து வரும், வேண்டிய எழுத்து வரும்போது அமுக்கினால் போதும். விரலை எடுக்கத் தாமதமானாலும் எழுத்து ஒருமுறைதான் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, விசையை ரொம்ப நேரம் தொடர்ந்து அமுக்கினால் மணி அடிக்கும். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், எனக்குக் கேட்கும். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு மழைக்காலம் பூராவும், கூட்டுக்குக் குச்சி சேர்க்கிற குருவி மாதிரி, எழுத்து எழுத்தாகச் சேர்த்துக் கட்டினாள்.

கட்டி முடித்தபின் தொடவே இல்லை. "இப்பவே மாத்திடலாமே" என்று கேட்டதற்கு 'வேணாம்' என்றாள். ஏன் என்று நச்சரித்ததற்கு ஒரு முழு மாலைப் பொழுதைச் செலவழித்துப் பதில் எழுதினாள். 'அது மெதுவா இருக்கும். அதோட அதுதான் கடைசி. அதுக்கு அப்புறம் எங்கிட்ட வேற இல்ல.' நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கும் தள்ளிப்போடுவது சௌகரியமாகவே இருந்தது.

அடுத்து வந்த மாலைகளில் மாற்றுகிற விதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வைத்தாள். சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி கார்டிலிருந்து எழுப்புவது வேறு, இது வேறு. மூன்றாவது சிஸ்டம் இரண்டாவதின் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிக் குடியேற்ற, மறுபக்கத்தில் இருக்கிற இன்னொரு பொத்தானை அமுக்கியபடியே ஆன் பண்ணி, விடாமல் இருக்க வேண்டும். முதலில் ஓரத்தில் சின்ன விளக்கு எரியும். அது எரியும்போது விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது, பழையதே எழுந்துவிடும். விளக்கு அணைந்த பிறகு பாதியில் விட்டால், இரண்டாவதும் போய் மூன்றாவதும் வராமல் ஆகிவிடும். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி, கம்பெனிக்காரன் கொடுத்ததோடு எழுந்து உட்காரும். கார்டில் இருப்பதும் மிஞ்சாது.

"நடுவுல எப்ப விடணும்? எப்படித் தெரியும்?"

'கறுப்பு மாறும்.'

"கறுப்பு எப்படி மாறும்?"

'வேற கறுப்பா.'

அணைந்த திரையின் கறுப்பு ஒன்று, விழித்துக்கொண்டு இன்னும் எதையும் காட்டாமல் இருக்கிற திரையின் கறுப்பு இன்னொன்று. அவள் அதை எத்தனையோ தடவை பார்த்துப் பார்த்துப் பழகியவள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த 'ம' நிரம்பிய காலையில் அவளே கேட்டாள். 'கார்டு' என்று மட்டும் எழுதினாள். நான் வகுப்புக்கு வரவில்லை என்று போன் செய்து சொன்னேன். தங்கைக்கும் சொன்னேன்.

"நான் வர்றவரைக்கும் எதையும் நோண்டாதீங்க மாமா" என்றாள். "கெடுத்துட்டீங்கன்னா அக்கா வாயே போயிடும்."

"நீ வந்து என்ன பண்ணப் போறே? தண்ணி கொண்டுவரப் போறே" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இருந்தாலும் அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. கெட்டுப்போனால் திரும்பக் கட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் சொல்லச் சொல்ல நான் செய்யலாம். ஆனால் அவள் சொல்வதற்கு இதுதான் வாய். முகம் தெரியாத அந்த ஆட்களிடம் எழுதிக் கேட்கலாம், அவர்களில் பலர் இப்போதெல்லாம் பதில் போடுவதில்லை. யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டு, நான் தப்பும் தவறுமாகச் செய்து, எல்லாம் சரியாகி வருவதற்குள் அந்தக் கட்டைவிரலும் போயிருக்கும். அப்புறம் வீட்டில் பேச்சு என்று எதுவும் இருக்காது. நான் பேசுவேன், அவள் கேட்பாள். கேட்கிறாளா என்பது கூட எனக்குத் தெரியாது.

அவளை ஜன்னலுக்கு எதிரே நகர்த்தி, முன்பலகையில் இளையவனை வைத்தேன். கார்டைச் செருகினேன். கை வேர்த்தது. பயிற்சி வண்டியில் முதல் நாள் ஏறி உட்காருகிறவர்களைப் பார்த்து நான் எத்தனை நக்கல் அடித்திருப்பேன்! பொத்தானை அமுக்கிக்கொண்டு ஆன் பண்ணினேன். விளக்கு எரிந்தது. அது ஒருமுறை மினுக்கியதும் அணைந்துவிட்டதோ என்று பதறி, விரலை எடுத்துவிட்டேன். திரையில் பழையதே எழுந்து வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

எனக்கு அவமானமாக இருந்தது. "என்னால ஆகாது மேடம். தங்கச்சி வரட்டும்."

அவள் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் அவள் விரலைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவள் அமுக்குவாள், நான் எடுத்துவிடுவேன். அவள் நகர்த்துவாள், அமுக்குவாள், நான் எடுத்துவிடுவேன். வெளியே தெருவில் ஒரு லாரி பின்னால் வர, யாரோ "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த லாரி நின்று, இறக்க வேண்டியதை எல்லாம் இறக்கிவிட்டுப் போயும்விட்டது. வரி முடிந்தபோது அவள் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

'அமுக்கிப் பிடிங்க. நான் சொல்றப்ப விடுங்க.'

எவ்வளவோ நாளாக ஓர் எழுத்தைக் கூட வீணாக்காதவள், அந்த வரியை மட்டும் முழுசாக, பழைய மரியாதை குறையாமல் எழுதியிருந்தாள். அவள் குரலே கேட்ட மாதிரி இருந்தது. ஏறாத, இறங்காத, எதிர்முனையில் கத்துகிறவனையும் அடங்க வைக்கிற அந்தக் குரல். அது கேட்டதும் எனக்குப் படபடப்பு நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொள்வாள். கறுப்பு மாறுவது அவளுக்குத் தெரியும். நான் செய்ய வேண்டியது அமுக்குவது மட்டும்தான்.

"சரிங்க மேடம்" என்றேன்.

அணைத்தேன். பொத்தானை அமுக்கி, ஆன் பண்ணினேன். விளக்கு எரிந்தது. மினுக்கியது. இந்தத் தடவை நான் அசையவில்லை. அப்புறம் விளக்கு அணைந்தது. திரை கறுப்பாக இருந்தது. ஜன்னல் வெளிச்சமும் என் முகமும் அதில் மங்கலாகத் தெரிந்தன.

"ம், சொல்லு" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

எதை வைத்துச் சொல்வாள்? அவள் வாய் என் கைக்கு அடியில் அணைந்து கிடக்கிறது. அதை அணைத்ததே நான்தான். நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவள் முகத்தில் எதுவும் அசைவதில்லை. ஆனால் தொங்கும் இமைகளுக்குக் கீழே இருந்த அந்தப் பாதிக் கண்ணில், தன் பையைக் கடையில் வைத்துவிட்டுப் பாதி வழி வந்தவளின் திகைப்பு இருந்தது. காலமெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொன்ன வாக்கியம், யோசிக்காமல் வந்துவிட்டது. நானும் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். இரண்டு பேரில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்திருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. அன்று துணியில் ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தோமே, அதே சிரிப்புதான். அவளுக்கும் வந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அது பாதியிலேயே நின்றுவிட்டது. விட்டுவிடலாமா? விளக்கு அணைந்தாகிவிட்டது, இப்போது விட்டால் பாதியில் விட்டது போலாகுமா? பிடித்துக்கொண்டே இருந்தால் எதுவரைக்கும்? கறுப்பைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. மாறிவிட்ட கறுப்பா, மாறாத கறுப்பா?

"மாறிடுச்சா? மாறிடுச்சாம்மா?" என்று கத்தினேன். இமை ஒருமுறை இறங்கி ஏறியது. அது ஆமாம் என்பதா, வெறும் இமைப்பா? கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது, தண்ணீர் கோத்தால் எவருக்கும் இமைக்கத்தான் செய்யும்.

என் இடது கை சும்மாதான் இருந்தது. அதை அவள் கட்டைவிரலுக்கு அடியில் செருகினேன். விரலை எடுத்து என் உள்ளங்கையின் நடுவில் வைத்தேன்.

"இங்க பாரு. வண்டியில மாதிரி. நீ அமுக்கிட்டு இருக்கற வரைக்கும் நானும் அமுக்கிட்டு இருப்பேன். நீ விட்டா நானும் விட்டுடுவேன். நீயே ஓட்டு. புரியுதா? நீயே ஓட்டு."

அவள் பார்வை திரையின் மேல் இருந்தது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளங்கையிலேயே இருந்தேன். எத்தனை பேருடைய காலை என் கால் படித்திருக்கிறது! தயங்குகிறவனை, திமிர் பிடித்தவனை, அழப்போகிறவனை, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெடலில் நான் தெரிந்துகொண்டிருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் படித்தேன்.

கட்டைவிரல் என் உள்ளங்கையில் இருந்தது. கதகதப்பாக, நனைந்த துணியின் கனத்தோடு. அமுக்குகிறாளா, அமுக்கிவிட்டு எடுக்கப் பார்க்கிறாளா, வெறுமனே கிடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பொத்தானின் மேல் இருந்த என் விரல் நகத்தடியில் வெளுத்துப்போயிருந்தது. வாசலில் தங்கையின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் இரண்டு கையையும் எடுக்கவில்லை. திரை கறுப்பாக இருந்தது.